தண்ணீருக்குள் இரண்டு தெரு

எங்கள் ஊரில் தெருக்களை ஆற்றிலிருந்து எண்ண வேண்டும். ஆற்றை ஒட்டி இருப்பது மூன்றாம் தெரு. அதற்குப் பின்னால் நான்காம் தெரு, ஐந்தாம் தெரு, மேட்டில் ஆறாம் தெரு. புதிதாக வருகிறவர்கள் மண்டையைச் சொறிந்துகொண்டு, "ஒண்ணாம் தெருவும் ரெண்டாம் தெருவும் எங்கங்க?" என்று கேட்பார்கள். நாங்கள் ஆற்றைக் கை காட்டுவோம். கிண்டல் செய்கிறோம் என்று நினைத்துக் கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு.

கிண்டல் இல்லை. கீழே வெகுதூரத்தில் ஆற்றுக்குக் குறுக்கே ஓர் அணை கட்டினார்கள். வெள்ளம் வந்து அடித்துக்கொண்டு போயிருந்தால் அழுது தீர்த்திருப்போம். இது அப்படி வரவில்லை. ஒரு மழைக்காலம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி வந்தது. முதலில் லாரிகள் செங்கல் கொண்டுவந்து இறக்கும் செங்கல் துறை, பிறகு ஒன்றாம் தெரு, அப்புறம் இரண்டாம் தெரு என்று மூடிக்கொண்டே வந்து, மூன்றாம் தெருவின் வாசற்படிக்குக் கீழே நின்றுகொண்டது. கதவு, ஜன்னல், ஓடு எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு நாங்கள் மேட்டுக்கு ஏறினோம். சுவர்கள் ஊறி விழுந்தன. கருங்கல் அடித்தளங்கள் மட்டும் வரிசை கலையாமல் உள்ளே அப்படியே உட்கார்ந்திருக்கின்றன.

ஊரும் வரிசை கலையவில்லை. நான் குடியிருப்பது ஆறாம் தெரு. ஆனால் யார் கேட்டாலும் இரண்டாம் தெருக்காரி என்றுதான் சொல்வேன். கல்யாணமாகி நான் வந்து இறங்கிய வீடு அங்கேதான் இருக்கிறது. இருக்கிறது என்றுதான் சொல்வோம், இருந்தது என்று சொல்ல மாட்டோம். வீட்டுக்கு மேல் தண்ணீர் நின்றாலும் வீடு வீட்டுக்காரருடையது. அடுத்தவர் வீட்டுக்கு மேல் படகை நிறுத்தி மீன் பிடிக்க வேண்டுமானால் கேட்டுவிட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

"அக்கா, உங்க சமையல்கட்டுல கொஞ்ச நேரம் தூண்டில் போட்டுக்கட்டுமா?"

"போட்டுக்கோ. ஹால் பக்கம் வந்துடாதே, அங்க நான் வலை கட்டியிருக்கேன்."

இப்படித்தான் எங்கள் ஊரில் பேச்சு நடக்கும். என் நாத்தனார், அதாவது என் வீட்டுக்காரரின் அக்கா, இந்த விஷயத்தில் மகா கண்டிப்பு. ஐந்தாம் தெரு ஆள் ஒருவர் கேட்காமல் அவளுடைய படுக்கையறைக்கு மேல் வலை வீசிவிட்டார் என்று அவரோடு பேச்சையே நிறுத்திவிட்டாள். "சொல்லாம கொள்ளாம பொம்பளைங்க தூங்கற ரூமுக்குள்ள நுழையறதா?" என்று ஊரைக் கூட்டி நியாயம் கேட்டாள். ஊரும் அவள் பக்கம்தான் நின்றது.

தண்ணீர் தெருக்களோடு ஆற்றோரச் சாலையையும் கொண்டுபோய்விட்டது. அதுதான் எங்களை உண்மையில் முடக்கிப் போட்டது. நகரத்துக்குப் பேருந்தில் போனால் மலையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். போய்ச் சேரும்போது பொழுது பாதி போயிருக்கும். என் வீட்டுக்காரர் நகரத்தில் ஒரு படகுப் பட்டறையில் வெல்டர். முன்பெல்லாம் காலையில் சைக்கிளில் போய் மாலையில் திரும்பியவர், சாலை போன பிறகு பட்டறைக்குப் பக்கத்திலேயே ஓர் அறை எடுத்துத் தங்கிவிட்டார். மாதத்துக்கு ஒருமுறை வருவார்.

கொடுமை என்னவென்றால், நகரத்து லாஞ்சு தினமும் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போகும். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, நடு ஆற்றில், ஹாரன் அடித்துக்கொண்டு. எங்கள் ஊரில் நிற்காது. நடு ஆற்றில் ஆள் ஏற்றி இறக்கக் கூடாது என்று சட்டம். விருந்து வீட்டு வாசலில் உட்கார்ந்து பட்டினி கிடப்பது மாதிரி, அந்த லாஞ்சைப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

என் மகளுக்கு அப்பா என்றால் விருந்தாளி. அவர் வருகிற நாளில் அவளாகவே முகம் கழுவி, நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பாள். போன தடவை சமைத்துக்கொண்டிருந்தபோது என் காதருகே வந்து, "அம்மா, அப்பா காரம் சாப்பிடுவாங்களா?" என்று கேட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. கரண்டியை வீசி எறிந்தேன். கரண்டி பாவம், என்ன செய்யும்.

இந்த நிலைமையில்தான் லாஞ்சு நிர்வாகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். என் வயதுப் பெண். நல்ல மாதிரி. எங்களையெல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். கால அட்டவணையில் இன்னும் ஒரே ஒரு நிறுத்தத்துக்குத்தான் இடம் இருக்கிறதாம். எங்கள் ஊர் கேட்கிறது, மேலே கல்லுடைக்கிற ஊரும் கேட்கிறது. முதலில் எங்கள் ஊரில் சோதனை ஓட்டம். லாஞ்சு கரையைத் தொட்டுவிட்டால் நிறுத்தம் எங்களுக்கு. தொட முடியாவிட்டால் அவர்களுக்கு.

போகும் முன் அவர் ஒரு கேள்வி கேட்டார். "தண்ணிக்குள்ள பாறை, மரம், முழுகின படகு, இந்த மாதிரி லாஞ்சு அடியில இடிக்கிற மாதிரி எதாவது இருக்கா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பாறை இல்லை. மரம் இல்லை. படகு எதுவும் முழுகியதில்லை. "ஒண்ணும் இல்லைங்க" என்று அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னோம். சத்தியமாக எங்களில் ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை.

அடுத்த வாரமே ஊர்த் தலைவர் தன் அலுவலகத்துக்கு நேர் எதிரே ஒரு படகுத்துறையும் காத்திருப்புக் கூடமும் கட்டி முடித்துவிட்டார். மற்ற வேலையெல்லாம் ஆமை வேகத்தில் செய்கிற மனிதர், இதில் மட்டும் குதிரையாக ஓடினார். எனக்குத் தொழில் போர்டு எழுதுவது. ஊரில் இருக்கிற அத்தனை கடைப் பெயரும் என் கை. என்னைக் கூப்பிட்டு, "கூடத்துச் சுவர்ல நம்ம ஊர் வரைபடம், பக்கத்துல ஊர் வரலாறு நாலு வரி. எறங்கி வர்ற ஜனம் பார்த்ததும் அசந்து போயிடணும்" என்றார்.

நான் ஆறு தெருவும் வரைந்தேன். இரண்டாம் தெருவில் வீடு வீடாக, திண்ணை திண்ணையாக. ஒன்றாம் தெருவில் கிணறுகூட. நடுவில், செங்கல் லாரிகள் துறைக்கு இறங்குவதற்காக மேட்டை வெட்டிப் போட்ட சரிவுப் பாதையையும் போட்டேன். தலைவர் வந்து பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

"இது என்னம்மா?"

"ஒண்ணாம் தெரு. இது ரெண்டாம் தெரு."

"அதான் இல்லையே."

"உங்க வீட்டம்மா ஒண்ணாம் தெருல பொறந்தவங்க. இல்லைன்னு அவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க பார்க்கலாம்."

அவர் சொல்லவில்லை. தைரியம் போதாது. குரலை இறக்கிக்கொண்டு, "லாஞ்சுக்காரங்க இதைப் பார்த்தா என்ன நினைப்பாங்க? ரெண்டு தெருவை முழுங்கின ஆறு, நாளைக்கு இதையும் முழுங்கும்னு நினைக்க மாட்டாங்களா? நீலத்தை அடிச்சு விடும்மா" என்றார். தலைவர் மூன்றாம் தெருக்காரர். கால் நனையாத தெரு. அவருக்கு என்ன தெரியும் என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அந்த லாஞ்சு நிற்க வேண்டும் என்று இந்த ஊரில் என்னைவிட ஆசைப்பட்டவர் யாரும் கிடையாது. காரியம் ஆகும்வரை கழுதையானாலும் காலைப் பிடி என்று சும்மாவா சொன்னார்கள். நீலத்தை எடுத்து அடித்தேன். என் வீட்டை நானே என் கையால் மூடினேன். அன்று முழுக்க எரிச்சலாகவே இருந்தது.

சோதனை நாள் வந்தது. காலையிலேயே ஊர் மொத்தமும் கரையில். கடைகளையெல்லாம் அடைத்தாகிவிட்டது. அதிகாரி ஜீப்பில் வந்து கரையில் நின்றார். லாஞ்சை நகரத்திலிருந்து ஆளில்லாமல் கொண்டுவந்தார்கள். ஆளில்லாமல் என்றாலும் ஒரே ஓர் ஆள் உண்டு. என் வீட்டுக்காரர் பட்டறையில் அரை நாள் அனுமதி சொல்லிவிட்டு, லாஞ்சு ஓட்டும் சாரங்கைக் கெஞ்சிக் கூத்தாடி ஏறிவிட்டார். லாஞ்சின் மூக்கில் நின்றுகொண்டு அவர் வருவது தூரத்திலேயே தெரிந்தது. என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்துக்கொண்டே இருந்தாள்.

லாஞ்சு நடு ஆற்றிலிருந்து திரும்பி, முதல் தடவையாக எங்களைப் பார்த்து வந்தது. அந்தக் காட்சியை எப்படிச் சொல்ல. இத்தனை காலம் பக்கவாட்டிலேயே பார்த்த லாஞ்சுக்கு ஒரு முகம் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. எல்லோரும் கையை ஆட்டினோம். ஒன்றாம் தெருவைத் தாண்டியது. ஒன்றாம் தெரு ஆழம், தலைக்கு மேல் தண்ணீர். நேராகத் தலைவர் கட்டிய துறையைப் பார்த்து வந்தது.

முதலில் முகம் மாறியது என் நாத்தனாருக்குத்தான்.

"ஏண்டி, அவன் நம்ம வீட்டுப் பக்கமா வர்றான்."

"வரட்டுமே அண்ணி."

"வரட்டுமேவா? ரெண்டாம் தெருல எனக்கு நெஞ்சளவுதாண்டி தண்ணி."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு மட்டும் இல்லை, கரையில் நின்ற அத்தனை பேருக்கும் ஒரே நொடியில் உறைத்தது. ஆட்டிக்கொண்டிருந்த கைகளை நிறுத்தவும் தெரியாமல் இன்னும் வேகமாக ஆட்டினோம். வேண்டாம், வேண்டாம் என்று நாங்கள் ஆட்டியதைச் சாரங்கு வரவேற்பு என்று நினைத்து ஹாரன் அடித்தார்.

கரகரவென்று ஒரு சத்தம். லாஞ்சு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. என் வீட்டுக்காரர் விழப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சாரங்கைப் பார்த்துக் கத்தியது கரைக்கே கேட்டது: "அண்ணே, இது எங்க வீடுண்ணே. எங்கம்மா துணி தொவைக்கிற கல்லு மேல ஏத்திட்டீங்க."

"கேட்டுட்டு வரக் கூடாதா?" என்றாள் என் நாத்தனார், பழக்க தோஷத்தில்.

நல்லவேளை, மெதுவாக வந்ததால் அடியில் பெரிய சேதம் இல்லை. சாரங்கு பின்னால் எடுத்துக்கொண்டுபோய் ஆழத்தில் நிறுத்தினார். அதிகாரி எங்கள் பக்கம் திரும்பினார். அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை. அமைதியாகக் கேட்டார்.

"பாறை இருக்கான்னு உங்களைக் கேட்டேனே."

"பாறை இல்லைங்க. வீடு" என்றார் ஒருவர்.

"தண்ணிக்குள்ள வீடு இருக்கா?"

"ரெண்டு தெரு இருக்குங்க."

"இதை ஏன் யாருமே சொல்லலை?"

உண்மையான பதில் எங்களுக்குத் தெரியும், ஆனால் வெளி ஆளிடம் எப்படிச் சொல்வது? இடிக்கிற மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று அவர் கேட்டார். வீட்டை யாராவது அப்படி நினைப்பார்களா? லாஞ்சில் நின்று வந்த மனிதர் அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். அவருக்கே தோன்றவில்லையே.

அதிகாரியின் போனில் சாரங்கின் குரல் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார். "மேடம், நான் மேல கல்லுடைக்கிற ஊருக்குப் போறேன். அங்க கரையெல்லாம் சுத்தப் பாறை, ஆழம் தெளிவாத் தெரியும். இங்க எனக்கு எல்லாம் ஒரே பழுப்பா இருக்கு."

அதிகாரி "போங்க" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். நான் பார்த்தேன். அந்த ஒரு சொல்லோடு எல்லாம் முடிந்துவிடும். இனி எத்தனை வருஷமானாலும் மாதத்துக்கு ஒரு தடவைதான், நாற்காலி நுனிதான், அப்பா காரம் சாப்பிடுவாங்களாதான். எனக்கு எங்கிருந்து வேகம் வந்ததோ, அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கூடத்துக்கு ஓடினேன். அதிகாரி என்றும் பார்க்கவில்லை.

"வழி இருக்குங்க. லாரி போன பாதை ஒண்ணு இருக்கு. வெட்டிப் போட்ட பாதை, வீடுங்களுக்கு நடுவுல, வீட்டையெல்லாம் விடப் பள்ளத்துல. அதுல வந்தா நேரா கரைதான்."

வெள்ளை டப்பாவைத் திறந்து, நீலத்துக்கு மேல் வரைய ஆரம்பித்தேன். கை தானாகப் போயிற்று. பின்னால் ஊரே வந்து நெருக்கிக்கொண்டு நின்றது.

"என் வீடு இன்னும் தள்ளி."

"எங்க வாசப்படி பாதைப் பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கும், அதையும் போடு."

"கிணத்தை விட்டுட்டியே."

பெயிண்ட் என் முழங்கை வரை வழிந்தது. டப்பாவைத் தலைவரே பிடித்துக்கொண்டு நின்றார். அதைப் பார்த்ததும் அவர் மேலிருந்த கோபம் பாதி போய்விட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டேன்.

அதிகாரி சுவரைப் படமெடுத்துச் சாரங்குக்கு அனுப்பினார். கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது. "படம் நல்லாத்தான் இருக்கு. படத்துல லாஞ்சு ஓட்ட முடியாதே மேடம். தண்ணி மேல ரெண்டு பக்கமும் அடையாளம் காட்டினா வர்றேன்."

"எவ்வளவு நேரம் நிப்பீங்க?"

"கையில ஒரு டம்ளர் டீ இருக்கு. அது ஆறற வரைக்கும்."

கழி நடலாம் என்றார்கள். கருங்கல்லில் கழி எங்கே நிற்கும்? கயிறு கட்டலாம் என்றார்கள். எதில் கட்டுவது? ஆளாளுக்கு யோசனை சொல்லி நேரத்தை ஓட்டிக்கொண்டிருந்தபோது, என் நாத்தனார் எல்லோரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"கழி எதுக்கு? நாம என்ன செத்தா போயிட்டோம்? அவங்கவங்க வீட்டு மேல போய் நில்லுங்க."

சொன்னவள் உடுப்பை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டாள். அவ்வளவுதான். ஒருவரைப் பார்த்து ஒருவர், தபதபவென்று இரண்டாம் தெரு முழுக்க இறங்கியது. கடைக்காரர், தையல்காரம்மா, பள்ளிக்கூட வாத்தியார் எல்லோரும் போட்ட உடுப்போடு. யாருக்கும் வழி சொல்ல வேண்டியிருக்கவில்லை. இருட்டில் சொந்த வீட்டுக்குள் நடக்கிற மாதிரி, காலால் தடவித் தடவிப் படி ஏறி, அவரவர் வாசலில் போய் நின்றுகொண்டார்கள். ஆற்றுக்கு நடுவே, நெஞ்சளவு தண்ணீரில், ஒரு தெரு எழுந்து நின்றது. நான் பார்த்ததிலேயே அழகான காட்சி அதுதான்.

ஒன்றாம் தெருக்காரர்களுக்கு வேலையே இல்லை. அவர்கள் வீடுகள் ஆழத்தில் இருக்கின்றன, லாஞ்சு மேலே போனாலும் இடிக்காது. ஆனால் இரண்டாம் தெரு நிற்கும்போது ஒன்றாம் தெரு சும்மா இருக்குமா? அவர்கள் படகுகளை எடுத்துக்கொண்டுபோய் அவரவர் வீட்டுக்கு மேல் உட்கார்ந்துகொண்டார்கள். தலைவரின் மனைவியும் ஒரு படகில் இருந்தார். தலைவர் கரையில் தவித்துக்கொண்டு, "நான் எங்க நிக்கட்டும்?" என்று கேட்டார்.

"நீங்க அங்கயே நில்லுங்க. உங்க தெருதான் இன்னும் இருக்கே" என்று படகிலிருந்து பதில் வந்தது.

நானும் மகளைத் தலைவரிடம் ஒப்படைத்துவிட்டு இறங்கினேன். எங்கள் வீடு முனை வீடு. பாதை அந்த இடத்தில்தான் வளையும். லாரி இடித்து இடித்து எங்கள் மூலைக் கல்லே ஆடிப் போயிருந்தது. நாத்தனார் வாசலில் நின்றாள். நான் மூலையில் நின்றேன். தண்ணீர் சில்லென்று இருந்தது.

பாதையின் மேல் முனையில், கரையில், 'ரிவர்ஸ்' நின்றார். செங்கல் லாரி ஓட்டியவர். துறையில் லாரி திரும்ப இடம் கிடையாது என்பதால் வாழ்நாள் முழுக்கப் பின்பக்கமாகவே இறங்கியவர். பெயரும் அதுவே ஆகிவிட்டது. அவர் சொல்லச் சொல்ல, அதிகாரி பக்கத்தில் நின்று போனில் சொன்னார்.

"வரட்டும், வரட்டும், வரட்டும்" என்றார் ரிவர்ஸ்.

"வரட்டும், வரட்டும், வரட்டும்" என்றார் அதிகாரி, ராகத்தையும் விடாமல்.

லாஞ்சு ஒன்றாம் தெருவின் படகுகளுக்கு நடுவே நுழைந்தது. மெதுவாக, மிக மெதுவாக. இரண்டு பக்கமும் ஆட்கள். தையல்காரம்மாவைத் தாண்டியது. வாத்தியாரைத் தாண்டியது. எஞ்சின் சத்தம் மட்டும் தண்ணீருக்குள் இருந்து என் உள்ளங்காலுக்கு வந்தது.

"லெப்ட்ல ஒடி. நல்லா ஒடி" என்று ஸ்டியரிங்கைத் திருப்புகிற மாதிரி கையைச் சுழற்றினார் ரிவர்ஸ்.

"மேடம், லாஞ்சு லாரி இல்லன்னு அவர்கிட்டச் சொல்லுங்க. ஒடிச்சா கொஞ்சம் தள்ளிப் போய்த்தான் திரும்பும்."

"அப்போ இப்பவே ஒடிக்கச் சொல்லும்மா, அந்தப் பொண்ணு நிக்கிற மூலைக்கு முன்னாடியே."

அந்தப் பொண்ணு நான்தான். லாஞ்சு தள்ளிய அலை முதலில் வந்தது. நாத்தனாருக்குக் கால் வழுக்கியது. ஒரு கையால் அவளைப் பிடித்தேன். என் காலுக்குக் கீழே கல் ஆடியது. விட்டுவிட்டு நீந்திப் போய்விடலாம். ஆனால் நான் நகர்ந்தால் மூலை எங்கே என்று சாரங்குக்குத் தெரியாது. இன்னொரு கையைத் தலைக்கு மேல் தூக்கினேன். பயமாக இருந்தது, சொல்வதற்கு என்ன வெட்கம், மிகவும் பயமாக இருந்தது. லாஞ்சின் மூக்கு என்னைப் பார்த்து நேராக வந்தது. பிறகு, ஏதோ மனம் மாறிய மாதிரி, திரும்பியது.

கைக்கு எட்டும் தூரத்தில் அது என்னைக் கடந்தபோது என் வீட்டுக்காரர் விளிம்பில் குப்புறப் படுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். இத்தனை நாள் கழித்துப் பார்க்கிற பெண்டாட்டி, நெஞ்சு வரை தண்ணீர், கையெல்லாம் வெள்ளைப் பெயிண்ட். நல்லதாக நாலு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன்.

"காலை உள்பக்கமா வை. அந்தக் கல்லு ஆடும்" என்றார்.

"தெரியும்" என்றேன்.

அதற்குள் லாஞ்சு தாண்டிவிட்டது. ஒரு நிமிஷம் எதுவும் நடக்கவில்லை. பிறகு லேசாக ஓர் உரசல் சத்தம், கல்லில் இல்லை, மண்ணில். மூக்கு சரிவுப் பாதையில் ஏறி, கரையைத் தொட்டு நின்றுவிட்டது. ரிவர்ஸ் இரண்டு கையையும் தூக்கி, "போதும்" என்றார். ஆறு தெருவும் போட்ட சத்தத்தில் அதிகாரி போன் பேசுவதை விட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார்.

நாங்கள் கரையேறும்போது பலகை போட்டிருந்தார்கள். சாரங்கு எட்டிப் பார்த்து, "டீ ஆறிப் போச்சு" என்றார். அதிகாரி எங்களை ஒரு பார்வை பார்த்தார்.

"வேற எதாவது சொல்ல மறந்திருக்கீங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

நன்றாக யோசித்தோம். "ஒண்ணாம் தெருல ஒரு கிணறு இருக்குங்க" என்றார் தலைவர்.

"கிணறு இருந்துட்டுப் போகட்டும்" என்று அதிகாரி சிரித்துவிட்டார். "சரி. நிறுத்தம் இங்கதான், அந்தப் புதுத் துறைல இல்ல, இந்தப் பாதைல. இன்னைக்குச் சாயங்கால லாஞ்சே நிக்கும். ரெண்டு பக்கமும் டிரம் கட்டி மிதக்க விடணும். அது வர்றதுக்கு ரெண்டு மூணு நாள் ஆகுமே."

"அதுவரைக்கும் நாங்க நிப்போம்" என்றாள் என் நாத்தனார். யாரும் மறுக்கவில்லை. தலைவர் மட்டும் தன் அழகான துறையை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் பலகையில் நடந்து இறங்கினார். அவர் பள்ளிக்கூடத்துக்கு ஓடிய பாதை, சைக்கிள் மிதித்த பாதை, அதன் மேல் முனையில் வந்து நின்றார். என்னிடம் துண்டைக் கொடுத்தார். மகளின் தலையில் கை வைத்தார். அவள் அடக்கமாக நின்றாள், விருந்தாளி முன்னால் நிற்கிற மாதிரி. எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை, முகத்தைத் துடைக்கிற சாக்கில் துண்டுக்குள் ஒளிந்துகொண்டேன். அரை நாள் அனுமதி முடியப் போகிறது. லாஞ்சு நகரத்துக்குத் திரும்ப வேண்டும். சாரங்கு ஹாரன் அடித்தார்.

என் வீட்டுக்காரர் மறுபடி பலகையில் ஏறினார். ஏறிக்கொண்டே, பாதி திரும்பி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னார்.

"சாயங்காலம் வர்றேன்."

எத்தனை வீடுகளில் எத்தனை பேர் தினமும் சொல்கிற வார்த்தை. கேட்கிற யாரும் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்க மாட்டார்கள். நான் ஈரத் துண்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

லாஞ்சு பின்வாங்கிப் பாதையில் இறங்கியது. மகள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு என் கையைச் சுரண்டினாள்.

"எந்தச் சாயங்காலம்மா?"

"இன்னைக்கு" என்றேன்.